விடுதலையான பின் ஒருவன் பெயர்



சென்ற மாதம் ஒரு வாலிபன் என்னிடம் வந்து நன்னடத்தைச் சான்று கேட்டான். (அவன் சம்மதம் பெற்றே இதை எழுதுகிறேன்.) சில வருடங்களுக்கு முன் அறுவடைக் காலத்தில் நடந்த ஒரு அடிதடியில் இவன் பெயரும் சேர்க்கப்பட்டது. பதினோரு நாள் சிறையில் கிடந்தான். பிறகு வாய்தாவுக்கு வாய்தா அலைந்து, கடைசியில் குற்றவாளி அல்ல என்று கோர்ட்டாரால் விடப்பட்டான். தீர்ப்பின் நகலையும் என் மேசை மேல் வைத்தான். அப்படியிருந்தும், "இவர் இப்போது நல்ல நடத்தையுள்ளவர்" என்று எழுதிக் கொடுத்தேன். அவன் வாசித்துப் பார்த்து, "சாமி, 'இப்போது' என்று போட்டிருக்கிறீர்களே, முன்னே நான் எப்படியிருந்தேன்?" என்றான்.

எனக்கு மறுமொழி வரவில்லை. வேறு தாள் எடுத்து எழுதினேன். ஆயினும் முதல் தாளில் அந்தச் சொல்லைப் போட்டது என் கைதான்.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921ஆம் வருடங்களில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய சாசனங்களைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். எவர் பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போடலாகாது என்று அதிலே கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறது: பிறர் பொருளைக் கவர்ந்தவன், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் என்று பலர். சில பாவங்களுக்குப் பிராயச்சித்தம் செய்துகொண்டவனையும் ஆயுள் உள்ளவரை விலக்கினார்கள். கடுமைதான்; ஆனாலும் அது செய்த குற்றத்துக்கு. செய்ததாக நிரூபிக்கப்படாத குற்றத்துக்கு ஒருவன் எவ்வளவு காலம் விலக்கப்படுவது?

கோர்ட்டு விட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததென்று நினைக்கிறோம். முடிவதில்லை. கைதானவரின் கைரேகை, புகைப்படம் இவற்றைப் பொறுத்தமட்டில் 1920ஆம் வருடச் சட்டத்திலும், அதற்குப் பதிலாய் வந்த 2022ஆம் வருடச் சட்டத்திலும் ஒரு நியாயம் உண்டு. முன் தண்டனை இல்லாதவர் விடுதலையானால், மேல்முறையீடுகளெல்லாம் முடிந்தபின், நீதிமன்றம் காரணம் எழுதி வேறு விதமாய் உத்தரவிட்டாலன்றி, அவற்றை அழித்துவிட வேண்டும். மற்றவர்களுடையதை 75 வருடம் வைத்திருப்பார்கள். விரல் ரேகைக்கு இந்த இரக்கம் உண்டு. முதல் தகவல் அறிக்கையிலும் தீர்ப்பிலும் கிடக்கும் பெயருக்கு அப்படியொரு சட்டம் இல்லை.

மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர், இணையத்தில் தேடுகிறவர்க்கெல்லாம் தாம் இன்னும் குற்றம் சாட்டப்பட்டவராகவே தெரிவதாகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் முறையிட்டார். 2021 ஆகஸ்டில் ஒரு நீதிபதி, அதற்கென்று சட்டம் இல்லாமல் பெயரை நீக்க இயலாதென்று மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் பெயரை மறைக்கச் சொன்னார்கள். அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. தீர்ப்பு என்பது எல்லார்க்கும் பொதுவான பத்திரம், அதில் கை வைக்கலாமா என்ற கேள்வியையும் நான் அலட்சியம் பண்ணவில்லை. ஆனால் அந்தக் கேள்வி தீருமட்டும் வேலைக்கு அலைகிறவன் என்ன செய்வான்?

இன்னொரு சங்கடமும் உண்டு. சாட்சிகள் வராமலோ பிறழ்ந்தோ போனால், "சந்தேகத்தின் பலனை அளித்து" என்று தீர்ப்பில் ஒரு வரி விழும். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வு விதிகளில் அந்த வரி ஒருவனைத் தகுதியற்றவனாக்கக் கூடும். 2008இல் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு அவ்விதியை ஏற்றுக்கொண்டது. "கௌரவமான விடுதலை" என்று பேசுகிறார்களே, அந்தச் சொல் குற்றவியல் சட்டப் புத்தகத்திலேயே இல்லை என்று 2012இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சாட்சி வராததற்குக் கூண்டில் நின்ற ஏழை என்ன செய்வான்!

பிலாத்துவை நினைத்துப் பாருங்கள். சேசுநாதரிடத்தில் குற்றம் காணவில்லையென்று மூன்று தரம் வாய்விட்டுச் சொன்னவன் அவன். அவர் தலைக்கு மேலே பலகையில் குற்றத்தை எழுதி அடித்தவனும் அவனே. மாற்றச் சொல்லி வந்தவர்களிடம், எழுதியதை மாற்ற மாட்டேனென்று முடிவாய்ச் சொல்லிவிட்டான்.

நாமும் பலகை எழுதுகிறோம். கோயிலில் கலியாண ஓலை கூறின அன்றைக்கே, "அவன் உள்ளே போய் வந்தவனாமே" என்று பெண் வீட்டாரிடம் போய்ச் சொல்லுகிறவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். "நெருப்பில்லாமல் புகையுமா?" என்பார்கள். பொருளைத் திருடினவன் பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டதுபோல, பெயரைக் கெடுத்தவன் பெயரைச் சீர்செய்யக் கடமைப்பட்டவனென்று எட்டாம் கற்பனைக்கு ஞானோபதேசத்தில் படித்தோமே. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் என்னிடம் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. யாரிடம் சொன்னீர்களோ அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டும்.

வேலைக்கு மனுப் போடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வழக்கு உண்டா என்று கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். 2016இல் உச்ச நீதிமன்றம், கைதானது, விடுதலையானது எதுவானாலும் உள்ளதை எழுத வேண்டுமென்று சொல்லியிருக்கிறது. மறைத்தது தெரிந்தால் அதற்காகவே வேலை போகலாம். எழுதி, தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் சேர்த்து வையுங்கள். நகல் வாங்காமல் விட்டவர்கள் வழக்கு எண்ணோடு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என்னிடம் வந்தால், அதற்கு மனு எழுதித் தருகிறேன். நன்னடத்தைச் சான்று வேண்டியவர்களும் அப்போதே வரலாம்.