கம்பியின் கடைமடை

தன் பொருளைக் கொண்டு தன் வீட்டில் தனக்கு வேண்டியதை ஒருவன் செய்துகொள்ளும்போது, அதைப்பற்றிக் கேள்வி கேட்க அயலானுக்கு உரிமை உண்டா? இவ்வினா பழையது. நிலத்தைப் பற்றியும் நீரைப் பற்றியும் நம் முன்னோர் இதனைப் பலகாலம் கேட்டு வழக்காடியிருக்கின்றனர். இன்று அது மின்கம்பியின் வழியாக நம் வாசலுக்கு வந்து நிற்கிறது.

2020 மார்ச்சில் இலங்கையில் தடைப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறந்தது. மின்சாரத்தால் ஓடும் கார்களும் கப்பலேறி வரத் தொடங்கின. திருகோணமலைக்கு எரிபொருள் புதிய செய்தியன்று. ஆங்கிலக் கடற்படையின் கப்பல்களுக்கு நிலக்கரியும், பின்னர் எண்ணெயும் ஊட்டிய துறைமுகம் இது. அவர்கள் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் சீனன்குடாக் காட்டினிடையே நிற்கின்றன. அவற்றை யார் ஆள்வது என்று இரு நாட்டு அரசுகள் 2022 ஜனவரியிலும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. அத்தகைய ஊரில் எண்ணெய் வேண்டாத வண்டி ஒன்றை வாங்க ஒருவர் விரும்புகிறார் என்றால் அதனை நாம் வரவேற்கவே வேண்டும். நம் ஐயம் வண்டியைப் பற்றியதன்று. அது உறங்கும் வீட்டின் சுவருக்குள் ஓடும் கம்பியைப் பற்றியது.

உவர்மலையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். வழக்கமான ஒற்றை அவத்தை இணைப்பு. 30 அம்பியர், 230 வோல்ற்று. பெருக்கிப் பார்த்தால் 6.9 கிலோவாற்று. விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, நீர்ப்பம்பி ஆகிய அனைத்துக்கும் சேர்த்து அவ்வீட்டுக்கு அளந்து வைக்கப்பட்ட பங்கு அவ்வளவே. சுவரில் பொருத்தும் மின்னேற்றியோ 32 அம்பியர் இழுப்பது; ஏறத்தாழ 7.4 கிலோவாற்று. வண்டிக்குச் சோறு போட்டால் வீட்டாருக்குப் பானையில் ஒன்றும் மிஞ்சாது என்பது இதன் பொருள்.

ஆகவே பலர் முதலில் குறுக்குவழியை நாடுகின்றனர். கேத்தலுக்கென்று வைத்த 13 அம்பியர் ப்ளக்கில் வண்டியைச் செருகிவிட்டு உறங்கச் செல்கின்றனர். கேத்தல் சில நிமிடங்களில் கொதித்து ஓய்ந்துவிடும். வண்டியோ இரவு முழுவதும் ஓயாது இழுக்கும். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்மடங்காகும் என்பதை உயர்தர வகுப்பு மாணவரும் அறிவர். கடையில் 7/0.67 என்று கேட்டு வாங்கும் 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பி, முப்பது ஆண்டுக்கு முன் பூட்டப்பட்ட தளர்ந்த திருகாணி, உப்புக்காற்றுப் பட்டுக் களிம்பேறிய செப்பு ஆகியவை அவ்வெப்பத்தைப் பல மணிநேரம் தாங்குமா? துறைமுக நகரத்தில் இவ்வினா மற்ற ஊர்களைக் காட்டிலும் கூர்மையானது. கடற்காற்று முதலில் தின்பது இணைப்புகளைத்தான்.

முறையாகச் செய்வதாயின் தனிச் சுற்று வேண்டும். பொதுவாக 6 சதுர மில்லிமீற்றரோ அதற்கு மேலோ தடித்த கம்பி வேண்டும். மண்ணில் நன்கு இறங்கிய ஏர்த் வேண்டும். ட்ரிப் சுவிச்சும் வழக்கமானதாக இருந்தால் போதாது. வண்டியின் பக்கத்திலிருந்து 6 மில்லி அம்பியருக்கு மேல் நேரோட்டம் கசியுமாயின், சாதாரண ட்ரிப் சுவிச்சு மரத்துப்போய், விழவேண்டிய வேளையில் விழாமல் நின்றுவிடக்கூடும். அக்கசிவைத் தனியே காணும் அமைப்பு மின்னேற்றியிலோ பலகையிலோ இருத்தல் வேண்டும். இவற்றோடு, வேகமாக ஏற்ற விரும்புவோர் மூன்று அவத்தை இணைப்புக்கும் விண்ணப்பிக்கின்றனர். இதுவரை எல்லாம் வீட்டுக்காரரின் கைப்பணம், அவருடைய சுவர், அவருடைய பாதுகாப்பு. செய்யட்டும், நன்றாகவே செய்யட்டும்.

ஆயின் கம்பி மதிலோடு நின்றுவிடுவதில்லை. வீதியில் நிற்கும் மின்மாற்றி ஒவ்வொரு வீட்டின் முழு உரிமையையும் கூட்டிப் பார்த்து நிறுத்தப்பட்டதன்று. எல்லா வீட்டாரும் ஒரே வேளையில் முழுப் பங்கையும் இழுக்கமாட்டார் என்னும் கணிப்பின் மேல்தான் மின்வலையமைப்பு முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. இதனைப் பொறியியலார் ஒரு குணகமாக எழுதிக் கடந்துவிடுகின்றனர். நமக்கோ அது அறத்தைப் பற்றிய செய்தியாகவே தோன்றுகிறது. ஒருவர் சமைக்கும்போது மற்றவர் ஆடை அழுத்துவதில்லை; ஒருவர் நீரிறைக்கும்போது மற்றவர் வேலைக்குப் போயிருக்கிறார். ஒப்பந்தம் எதுவும் எழுதாமலே அயலார் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்த இடத்தில் வீதி வெளிச்சம் பெறுகிறது. 100 கிலோவோல்ற்று அம்பியர் மின்மாற்றி ஒன்றின் கீழ்ப் பதின்மூன்று வண்டிகள் ஒரே வேளையில் 7.4 கிலோவாற்று இழுத்தால் அதன் வலு முடிந்தது. பதினான்காவது வண்டிக்கு மட்டுமன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கும் விளக்குக்கும் அதில் இடமில்லை.

அதற்கு முன்பே துன்பப்படுபவர் ஒருவர் உளர். கம்பியின் கடைசித் தூணில் இணைப்புப் பெற்றவர். நீண்ட கம்பியில் ஓட்டம் மிகுந்தால் வோல்ற்றளவு வழியிலேயே தேய்ந்து போகும். மின்விசிறி தளரும், விளக்கு மங்கும். கந்தளாய்க் குளத்து நீரில் பயிர் செய்தோருக்கு இது விளக்க வேண்டாத செய்தி. தலைவாய்க்காலில் நிற்பவன் மடையை அகலத் திறந்தால் கடைமடையான் வயலில் வெடிப்பு விழும். தலைமடையான் திருடனல்லன், அவன் தன் வயலுக்குத்தான் நீர் பாய்ச்சுகிறான். ஆயினும் அவன் செயல் அவனோடு முடிவதில்லை.

தன் நடத்தை எல்லோருக்கும் பொதுவிதியாகுமாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் ஜெர்மானிய மெய்யியலார் காண்ட். அச்சோதனையை அப்படியே இங்கு வைத்தால் மின்வண்டி தோற்றுவிடும். எல்லோரும் இரவு ஏழு மணிக்குச் செருகினால் வீதி இருளும். அதனால் எவரும் செருகக் கூடாது என்று முடிவுகட்டுவது பேதைமை. எல்லோரும் ஒரே நாளில் மடை திறக்க முடியாது என்பதற்காக நம் உழவர் வேளாண்மையைக் கைவிடவில்லை, முறை வைத்தனர். இன்ன நாள் இன்ன வாய்க்கால் என்று வட்டைவிதானை வகுத்தான். அவன் எப்பொழுதும் நடுநின்றான் என்று நாம் சொல்லவரவில்லை. போடியார் பக்கம் சாய்ந்த விதானைமாரும் இருந்தனர். அதனாலன்றோ 1958 இல் பிலிப் குணவர்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், அப்பொறுப்பை உழவரே அமைக்கும் பயிர்ச்செய்கைக் குழுக்களின் கையில் கொடுக்க முனைந்தது. அச்சட்டம் பட்ட பாடு தனிக்கதை. ஆயினும் பங்கு பெறுவோரே பங்கிடும் முறையையும் வகுக்க வேண்டும் என்ற அதன் கருத்து பிழையானதன்று.

கம்பிக்கு அத்தகைய குழு இல்லை. விலை ஒன்றே அங்கு விதானை. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்தேவை உச்சம், 10.30 இலிருந்து காலை 5.30 வரை தாழ்வு. அத்தாழ்வு நேரத்துக்கு மலிவான நேரவாரிக் கட்டணம் வீட்டுப் பாவனையாளருக்கு வந்தபோது, மூன்று அவத்தை இணைப்பு உடையோருக்கென்றே அது வந்தது. தடித்த கம்பிக்குப் பணம் படைத்தவருக்கு மலிவு. மெலிந்த கம்பிக்காரர் நள்ளிரவில் ஆடை அழுத்தினாலும் சலுகை இல்லை. முறை வைத்ததில் தவறில்லை. முறைக்குள் நுழைவதற்கே நுழைவுக்கட்டணம் வைத்ததுதான் தவறு.

“புதிய இணைப்புக்கு நான் பணம் கட்டுகிறேன், என் போன்றோர் கேட்பதால்தான் வீதிக்குப் பெரிய மின்மாற்றி வரும், அதனால் எல்லோருக்கும் நன்மை” என்று வண்டிக்காரர் கூறக்கூடும். இதனைக் கேலி செய்து தள்ளிவிட நாம் விரும்பவில்லை. ஓரளவு உண்மை அதில் உண்டு. ஆனால் அவர் பணம் கட்டிச் சேரும் கம்பி வெறும் சந்தைப் பண்டமன்று. விமலசுரேந்திர என்னும் பொறியியலார் 1918 இலேயே நீர்மின் திட்டத்தை எடுத்துரைத்தும், லக்சபானாவில் மின்சாரம் பிறக்க 1950 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்றுமுதல் மலைக்குள் சுரங்கம் வெட்டியவரும், தூண் நாட்டியவரும், தம் காணியை இழந்தவரும் சேர்ந்து கட்டியதே இவ்வலை. ஒருவர் கட்டும் இணைப்புக் கட்டணம் அவ்வுழைப்பின் விலையாகாது.

காணி இழந்தவரைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கொட்டியாரக் குடாவின் மறுகரையில் சம்பூர் இருக்கிறது. 2006 இல் போரினால் விரட்டப்பட்ட அவ்வூர் மக்களின் நிலத்தில், அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அனல்மின் நிலையத்துக்கு இந்திய நிறுவனத்துடன் உடன்படிக்கை எழுதப்பட்டது. 2007 இல் அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மக்கள் பல ஆண்டுகள் முகாம்களில் கிடந்தனர். 2015 இலேயே திரும்பத் தொடங்கினர். 2016 இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. சம்பூர் தப்பியது, ஆனால் நாடு நிலக்கரியை விட்டுவிடவில்லை. புத்தளத்து நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலையத்தின் சாம்பல் வேறு மக்களின் தலைமேல் விழுகிறது. சூரியனில்லாத நள்ளிரவில் உவர்மலை வண்டி உறிஞ்சும் மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. நம் வீதியில் புகை இல்லை என்பது உண்மை. புகையே இல்லை என்பது உண்மையன்று.

ஆகவே எப்பொழுது ஏற்றுகிறோம் என்பதும் எங்கு ஏற்றுகிறோம் என்பதும் பெரிய வினாக்கள். 2025 ஏப்ரலில் ஒரு விந்தை நிகழ்ந்தது. புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்துவிட்டதென்று, கூரைச் சூரியகலம் வைத்திருந்தோரைப் பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. 2022 இல் ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம் இருளில் இருந்த நாடு, மூன்றாண்டுக்குள் வெயிலை வேண்டாமென்றது! அதே மாதம் 5 ஆம் திகதி சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையத்துக்குத் தொடக்கவிழாவும் நடந்தது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தைப் பகலிலேயே வண்டிகளில் ஏற்ற வேண்டும். பகலில் வண்டிகள் வீட்டில் இல்லை. கச்சேரி முற்றத்திலும், பாடசாலை வாசலிலும், வைத்தியசாலையிலும், துறைமுக வாயிலிலும் நிற்கின்றன. ஏற்றும் இடங்களைப் பொதுவில் அங்கு அமைத்தால் வீட்டு வயரிங்கைத் தடிப்பாக்கும் தேவையே பலருக்குக் குறையும். 2022 இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் காத்துக்கிடந்த முச்சக்கர வண்டிச் சாரதிக்கும் அது பயன்படும். அவருடைய குடிசைக்கு மூன்று அவத்தை எந்நாளும் வரப்போவதில்லை.

இன்னும் ஒரு கூட்டத்தார் எஞ்சியிருக்கின்றனர்: வாடகை வீட்டார். நம் வாசகரான ஆசிரியருள் பலர் மாற்றலாகி வந்து இவ்வூரில் வாடகைக்கு இருப்பவர்களே. சுவருக்குள் ஓடும் கம்பி உரிமையாளருடையது. அது சூடேறினால் வேகும் உயிர் குடியிருப்போருடையது. புதிய இணைப்பு கேட்டு வரும் வீட்டுக்காரரிடம் ஏர்த்தும் ட்ரிப் சுவிச்சும் சரியா என்று சோதித்துச் சான்று கேட்கின்றனர். ஒன்றும் கேளாதிருக்கும் பழைய வீட்டுக்குச் சோதனையாளர் வருவதில்லை. 2024 ஆம் ஆண்டின் சட்டம் மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க வழிவகுத்தது. அப்பழைய வீட்டின் படலையைத் தட்டி, கம்பியைப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் கடமை அவற்றுள் எதனுடையது என்பதை ஆசிரியர் சங்கங்களும் மாணவரும் இப்பொழுதே கேட்கத் தொடங்கலாம்.