தேரும் ரப்பர் புஷ்ஷும்

என் 1996 மாருதி 800 பள்ளத்தில் இறங்கினால் 'டக்'கென்றது. நேர்ச் சாலையிலும் அலைபாய்ந்தது. லோயர் ஆர்ம், ஸ்டீயரிங் ரேக் எல்லாம் திடமாகவே இருந்தன. அவற்றை வண்டியோடு இணைக்கும் ரப்பர் புஷ்கள்தான் வெடித்திருந்தன.

அப்போது ஒரு பழைய வாதம் நினைவுக்கு வந்தது. பௌத்த நூலான 'மிலிந்த பஞ்ஹ'வில் துறவி நாகசேனர் மன்னர் மிலிந்தரைக் கேட்கிறார்: அச்சு தேரா? சக்கரம் தேரா? உறுப்புகளைச் சார்ந்து எழும் வழக்குப் பெயரே தேர் என்று முடிகிறது வாதம். எனக்குப் பாதிதான் சம்மதம். இரும்பு அத்தனையும் இருந்தும் ஓட்டம் கெட்டதே! கெட்டது உறுப்புகளுக்கு இடையிலான உறவு. அது வெறும் பெயரல்ல; ஸ்டீயரிங் பிடித்த கைக்குத் தெரியும்.

புதுப் புஷ்ஷை ஏற்றிய மெக்கானிக், ஜாக்கை இறக்கி, எடை சக்கரத்தில் அமர்ந்த பிறகே போல்ட்டை முழுதாக முறுக்கினார். ஆர்ம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும். ஆக, எந்த நிலையில் பூட்டினோம் என்பதும் வண்டிதான். நாகசேனரின் பட்டியலில் அது இல்லை.