சும்மா கிடக்கும் கம்பி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்று ஒரு சிற்றூர். குளிர்காலம் வந்தால் அதைச் சுற்றியுள்ள பாலை நிலத்தில், ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து நின்றுவிடும். மின்கம்பம் இல்லாத அரசாங்க நிலம். யாரையும் நம்பாமல் இருக்கலாம் என்பதே அந்த இடத்தின் ஈர்ப்பு. கையில் தூக்கிச் செல்லும் ஜெனரேட்டர் ஒன்று இருந்தால் 120 வோல்ட் கிடைத்துவிடும்.

கட்டண முகாமில் 30 ஆம்பியர் பிளக்கைச் செருகும்போது லைவ், நியூட்ரல், எர்த் என மூன்று கம்பிகள் வண்டிக்குள் வருகின்றன. முதல் இரண்டும் ஓயாமல் உழைக்கும். எர்த் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். தோல் உரிந்த லைவ் கம்பி என்றைக்காவது வண்டியின் உலோகத்தைத் தொட்டால், அந்த நொடியில் மின்சாரம் எர்த் வழியே பாய்ந்து பிரேக்கரை விழவைக்க வேண்டும். அதற்கு எர்த்தும் நியூட்ரலும் ஓரிடத்தில் இணைந்திருக்க வேண்டும். அந்த இணைப்பு வண்டிக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் நியூட்ரலில் திரும்ப வேண்டிய மின்சாரம் வண்டியின் உடலிலும் ஓடும். அந்த இணைப்பை முகாமின் மெயின் போர்டிலேயே, நாம் பார்த்திராத ஓர் எலக்ட்ரீஷியன் செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பாலையில் அவர் இல்லை. சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் தனித்தே நிற்கும். ஆனாலும் விளக்கு எரியும், ஃபிரிட்ஜ் ஓடும். நல்ல காப்புக் கருவி பொருத்திய வண்டிதான் எர்த்தில் கோளாறு என்று மின்சாரத்தை உள்ளே விட மறுக்கும். எரிச்சலில் அந்தக் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே செருகுவது ஆபத்து. நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளே இணைத்த சிறு பிளக் ஒன்று உண்டு. அந்த ஜெனரேட்டருக்கு அது ஏற்றதா என்று கையேட்டைப் பார்த்து, ஜெனரேட்டரில் காலியாக உள்ள சாக்கெட்டில் செருகினால் விட்டுப்போன இணைப்பு கிடைத்துவிடும். (ஏற்கெனவே உள்ளேயே இணைத்து வரும் ஜெனரேட்டர்களுக்கு இது தேவையில்லை.)

தனித்து வாழப் புறப்படுகிறவர், அதுவரை முகம் தெரியாதவர்கள் தனக்காகப் பார்த்துவந்த காவல் வேலை அத்தனையையும் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். ஊர் மின்சாரத்தின் புகை எங்கோ ஒரு மின்நிலையத்தில் போகும். இங்கே அது நம் வாசலில். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். ஜெனரேட்டரை வண்டியிலிருந்து 20 அடியாவது தள்ளி வைத்து, புகைக்குழாயை மறுபக்கம் திருப்பச் சொல்கிறார்கள். அந்த மறுபக்கத்தில் இன்னொருவருடைய வண்டி நிற்கலாம், அதன் ஜன்னல் திறந்திருக்கலாம். ஸ்டார்ட் செய்யுமுன் அங்கேயும் ஒருமுறை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இரவில் காற்று திசை மாறும் என்பதால், படுக்கப் போகுமுன் அணைத்துவிட வேண்டும்.