லாகிரி வஸ்து: விளைவு வேறு, விலக்கு ஒன்று

 

“இன்னான் பல வருஷமாகக் கஞ்சா புகைக்கிறான், அவன் கடை நன்றாகத்தானே நடக்கிறது? எனக்கு மட்டும் என்ன வந்துவிடும்?” என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். ஒருவன் தப்பியதை மற்றவன் தனக்கு ஜாமீனாகக் கொள்ளும் இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்தலாகாது.

அல்லாஹுத் தஆலா மனிதர் யாவரையும் ஒரே அச்சில் வார்க்கவில்லை. இருமல் மருந்து சிலவற்றில் சேரும் கோடீன் என்பது அபினிலுள்ள ஒரு வஸ்து. ஈரல் அதில் ஒரு பங்கை மார்பினாக மாற்றுகிறது. சிலருடைய ஈரல் அநேகமாக மாற்றுவதேயில்லை. வேறு சிலருடைய ஈரலோ அதிவேகமாக மாற்றிவிடுகிறது. முன்னவருக்கு வலிகூடத் தீராத அளவு, பின்னவருடைய மூச்சையே நிறுத்தக்கூடும். தாய் தந்தையர் வழி வந்த இக்கூறு முகத்தைப் பார்த்து அறியக்கூடியதன்று. கஞ்சாவும் அவ்வாறே. ஒருவன் சிரிக்கிறான், ஒருவன் பயந்து நடுங்குகிறான், இன்னொருவனுக்குப் புத்தி பேதலிக்கிறது. குடும்பத்தில் சித்தக் கோளாறு இருந்தாலும், இளவயதில் தொடங்கினாலும் அபாயம் அதிகம்.

மாதிரி பார்த்துச் சரக்கெடுப்பது நம் வழக்கம். இதிலோ மாதிரி பார்ப்பதிலேயே முதல் போய்விடலாம். மார்க்கம் அவனவன் தாங்கும் சக்தியை அளந்து தனித்தனிச் சட்டம் வகுக்கவில்லை. அதிகம் உட்கொண்டால் மயக்குவது எதுவோ, அதில் சொற்பமும் ஹராம் என்பது ரசூல் (ஸல்) அவர்களின் தீர்ப்பு. மதுவில் சில பயனுண்டு, பாவமோ அதனினும் பெரிது என்று அல்பகரா அத்தியாயம் உணர்த்துகிறது. அல்மாயிதா அதை முற்றாக விலக்குகிறது. லாபம் சிறிதும் நஷ்டம் பெரிதுமான சரக்கை எந்த வியாபாரி வாங்குவான்?

காஜாங்வாசிகளுக்கு இது தூரத்துச் செய்தியன்று. தேசிய போதைப்பொருள் ஒழிப்பு நிறுவனத்தின் தலைமையகமும், சிறைச்சாலையும் நம்மூரிலேயே உள்ளன. சிறையிலோ மறுவாழ்வு நிலையத்திலோ இருந்து திரும்பியவர் ஹெராயினைப் பழைய அளவிலேயே மீண்டும் தொட்டால், அதுவே உயிரைக் குடிக்கலாம். விட்டிருந்த காலத்தில் உடல் தன் பழக்கத்தை இழந்துவிடுகிறது. ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, ஒரே ஆளிடத்திலும் நேற்று வேறு, இன்று வேறு!

ஆகவே திரும்பி வந்த பிள்ளையை முதல் நாளிலேயே அணைத்துக்கொள்ளுங்கள். மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் சபித்தபோது, உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். 2010இல் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தை அடுத்த அர்-ரஹ்மான் பள்ளிவாசலில் மெத்தடோன் சிகிச்சை தொடங்கப்பட்டது. அம்மருந்தின் அளவையும் டாக்டர் ஆளைப் பார்த்தே நிர்ணயிக்கிறார். ஹெராயினை விட முயல்பவருக்கு மருந்தும் வேண்டும். ஜமாஅத்தின் ஆதரவும் வேண்டும். கடையில் ஒரு வேலை, தொழுகை வரிசையில் ஓர் இடம் — இவ்விரண்டும் நாம் கொடுக்கக்கூடியவை.

வல்ல அல்லாஹ் நம் மக்களை இத்தீமையினின்றும் காத்து, விழுந்தவரை எழுப்பும் மனத்தையும் நமக்கு அருள்வானாக! ஆமீன்.