புழு இருந்த அறை

காலை ஏழு மணி. கம்பெனி பஸ்கள் சிப்காட் பக்கம் திரும்பும் சத்தம் பனிக்குள்ளிருந்து வருகிறது. எனக்கு பஸ் இல்லை. என் அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியில், இருபது கிலோமீட்டர்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து அத்திப்பள்ளி எல்லையில் தடுப்பு விழுந்ததும் அது என் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. பிறகு திரும்பிப் போகவில்லை.

*

சாப்பாட்டு மேசையின் உயரம் 30 அங்குலம். நான் ஐந்தடி ஓர் அங்குலம். மூன்று மாதத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. தலையணையைக் குற்றம் சொன்னேன், மாற்றியும் பார்த்தேன்.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு வாகாக வைத்தால் தலை குனிகிறது. கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்கிறது. தனிக் கீபோர்டு ஒன்று வாங்கி, லேப்டாப்பை மகனின் பழைய பாடப் புத்தகங்கள் மேல் ஏற்றி வைத்தேன். அந்தப் புத்தகங்கள் அவனுக்குக்கூட அவ்வளவு உதவியதில்லை.

*

தனி மேசை செய்ய ஆசாரி வந்தார். மேசையின் அளவைக் கேட்பார் என்று நினைத்தேன். “ஒருதரம் உக்காருங்கம்மா” என்றார். முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து அதுவரை டேப்பை ஓட்டினார். “இருபத்தாறு போதும். டிராயர் வேணாம், தொடை இடிக்கும்.” பலகையின் முன்விளிம்பைக் கூராக விடாமல் உருட்டி இழைத்தார். மணிக்கட்டு நாள் முழுக்கக் கிடக்கும் இடம் அது.

கடிகாரம் செய்யும் ஊர் இது. வாட்ச் ரிப்பேர்க்காரரின் மேசை நெஞ்சு உயரத்துக்கு இருக்கும், வேலை கண்ணருகே வரவேண்டும் என்பதால். செருப்புத் தைப்பவருக்கு மேசையே இல்லை, மடிதான். எனக்குத்தான் அதுவரை ஒருவரும் அளவெடுத்ததில்லை.

*

மேசையை எங்கே போடுவது? இரண்டு படுக்கையறை வீடு. கட்டியவர் டிவிக்கு ஒரு சுவர் ஒதுக்கியிருக்கிறார், ஷூ ஸ்டாண்டுக்கு ஒரு மூலை. வாஸ்து பார்த்தவர் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னார். கிழக்கே ஜன்னல். வெயில் முகத்தில் அடித்தது, திரை இருட்டாகத் தெரிந்தது. ஜன்னலை வலப்பக்கம் விட்டு வடக்கே திரும்பிக்கொண்டேன். வாஸ்துக்காரருக்கு வடக்கும் சம்மதமாம்.

*

எங்களோடு இருக்கும் அத்தை கெலமங்கலம் பக்கத்து ஊர்க்காரர். அவர் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். தனியாகப் புழு வளர்ப்பு மனை கட்டுவதெல்லாம் பிறகு வந்த வழக்கம். அன்றைக்கு வீட்டின் பெரிய அறையே புழுவுக்கு. மனிதர்கள் திண்ணையில் படுத்தார்கள்.

அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். அறை 25 டிகிரியை ஒட்டி இருக்கவேண்டும். வெயில் ஏறினால் ஜன்னலில் நனைத்த சாக்கு, மார்கழிக் குளிருக்குக் கரியடுப்பு. ஊசி ஈ வராமல் வலை. பீடி குடித்தவர் உள்ளே வரக்கூடாது, மாமனாராக இருந்தாலும். புழு இருக்கும் நாட்களில் மிளகாய் தாளிப்பு கொல்லையில். ஒவ்வொரு முறை தோலுரிக்கும் முன்பும் புழு தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். அப்போது தழை போடமாட்டார்கள், சத்தமும் போடமாட்டார்கள். நான்காம் தோலுரிப்பு முடிந்ததும் பசி தாங்காது. ராத்திரியிலும் எழுந்து மல்பெரித் தழை போடவேண்டும். அது தின்னும் சத்தம் ஓட்டுமேல் தூறல் விழுவதுபோல இருக்குமாம். பிறகு சந்திரிகை என்னும் மூங்கில் தட்டியில் ஏற்றிவிட்டால் கூடு கட்டும்.

சுமார் நான்கு வாரம் வீடே அதன் சொல்படி நடந்திருக்கிறது. “கஷ்டமா இல்லையா அத்தை?”

“அதுதானே சம்பாதிக்குது?”

கொஞ்ச நேரம் கழித்து என் அறைக்கதவைப் பார்த்தார். மீட்டிங் நடக்கும்போது அந்தக் கதவை இந்த வீட்டில் எல்லோருமே திறப்பார்கள், சாவி எங்கே, உப்பு எங்கே என்று. அத்தையும்தான். அன்றைக்குப் பிறகு அவர் தட்டிவிட்டு நிற்கிறார்.

*

கால் தரையில் முழுதாகப் பதியவில்லை. நாற்காலி உயரம். பூஜையறை மணையை இழுத்து வைத்தேன். “மணைமேல காலை வைக்காதே” என்று அத்தை எடுத்துக்கொண்டு போனார். மாலையில் பரணிலிருந்து ஒரு பலகை வந்தது. புழுத்தட்டு அடுக்கிய தாங்கியின் பலகை. சுண்ணாம்பு அடித்து அடித்து வெளுத்துப்போயிருந்தது. நாற்காலிக்குச் சரியாக இருக்கிறது.

*

இன்று பிஸ்கட் தூளுக்கு எறும்பு வந்தது. மேசைக்கால் வழியே வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. அத்தை பார்த்தார், உள்ளே போனார், பழைய கிண்ணங்கள் நான்கைத் தண்ணீரோடு கொண்டுவந்தார். “மேசையைத் தூக்கு.”

“கால் ஊறிப்போயிடும் அத்தை.”

“புழுத் தாங்கிக்கு ஊறலையே.”

தூக்கினேன்.