வரைபடத்தில் சேரி எங்கே?

நீண்டகால நிலப்பயன்பாட்டுத் திட்டம் என்பது விஞ்ஞான சமாச்சாரம், அதில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் திருப்பிக் கேட்கிறேன்: யாருடைய நிலத்தை, யாருக்காக இருபது வருஷம் காப்பாற்றப் போகிறீர்கள்?

வேதாரண்யம் கடற்கரைப் பக்கத்துச் சேரிக்காரன் நான். கடலோரம் மீனவர் குப்பம், உள்ளே பட்டாதாரர் வயல், நடுவில் நாங்கள். எங்களுக்கு நிலமில்லை. ஆனால் நிலத்தில் கால் படாத நாளுமில்லை. நடவு, அறுப்பு, உப்பளம், வாய்க்காலில் நண்டு நத்தை, பொறம்போக்கில் ஆடு, அடுப்புக்குக் கருவை விறகு. இதற்கெல்லாம் பட்டா கிடையாது. பட்டா இல்லாத உழைப்பு வரைபடத்தில் ‘பயன்பாடு’ ஆவதில்லை.

தொண்ணூறுகளில் இறால் பண்ணைகள் வந்தன. விற்றவருக்குப் பணம், வாங்கியவருக்கு லாபம், எங்களுக்கு உப்புக் கரிக்கிற தண்ணி. “அவுங்க நெலம், அவுங்க விக்கிறாங்க. நாம என்னத்த கேக்குறது?” என்றாள் அம்மா. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம், விளைநிலத்தையும் உப்பளத்தையும் ஊர்ப்பொதுநிலத்தையும் இறால் குட்டையாக்கக் கூடாது என்றது. பிறகு 2005இல் ஒரு சட்டம், 2023இல் அதற்கு ஒரு திருத்தம். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு இப்போது வெளிப்படையான அனுமதி உண்டு. அரசின் ‘நீண்டகாலம்’ எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2011 அறிவிக்கை மீனவர்களின் நீண்டகாலக் குடியிருப்புத் தேவைக்குத் திட்டம் போடச் சொன்னது. நியாயம்தான், வரவேற்கிறோம். ஆனால் அதே காற்று எங்கள் கூரையையும் தூக்குகிறதே? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. விழுந்த தென்னைக்கு மரக்கணக்கில் நிவாரணம் கொடுத்தார்கள். மரம் வைத்திருந்தவருக்குச் சரி. அதில் ஏறித் தேங்காய் பறித்தவனுடைய கூலியை எந்த மரத்தில் எண்ணுவது?

“முதல்ல கடற்கரையக் காப்பாத்துவோம், நிலப்பங்கீட்ட அப்புறம் பேசலாம்” என்கிறார்கள் சூழலியல் நண்பர்கள். நல்லவர்கள்தான். ஆனால் நிலத்தை இருக்கிறபடியே காப்பது என்றால், அது யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே காப்பது என்றும் ஆகிறது. பறிக்கப்பட்டவனுக்கு இது நடுநிலை அல்ல. பறித்ததற்குப் போடும் வேலி.

எங்களுக்கென்றும் அரசு நீண்டகாலத் திட்டம் ஒன்று போட்டது: 1892இல், பஞ்சமி நிலம். பத்து வருஷம் விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் எம்மவருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. எத்தனை ஏக்கர் இன்று எம்மவர் கையில்? நிபந்தனை காகிதத்தில் இருந்தது. மணியமும் கணக்கும் ஊரிடம் இருந்தன.

எனவே தோழர்களே, இருபது வருஷம் முன்னே பார்க்கிற திட்டம் முதலில் நூறு வருஷம் பின்னே பார்க்கட்டும். கருத்துக்கேட்பைச் சேரியில் நடத்தட்டும், தமிழில் நடத்தட்டும். அறுப்பையும் விறகையும் நண்டையும் உரிமையாக எழுதட்டும். பொறம்போக்கை யாருக்கும் தாரை வார்ப்பதற்கு முன், நிலமற்றவர் பட்டியலை எடுத்து வைக்கட்டும். அதுவரை அது கடற்கரையின் திட்டம் அல்ல, பட்டாதாரரின் திட்டம்.