கவனக்குறைவு என்ற சொல்

ஒரு மனிதனின் கை இயந்திரத்தினுட் சென்று மீளாது போய்விடுகிறது. அதற்கு யார் பொறுப்பு? இவ்வினாவை நாம் ஏட்டிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. கடந்த தை மாதத்தில் எமது வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு கிழமையாகப் பாடசாலைக்கு வரவில்லை. காரணம் அறிய அவனது வீட்டிற்குச் சென்றபோது, இவ்வினா எம்மை வாசலிலேயே எதிர்கொண்டது.

அவனுடைய தகப்பனார் கூலிக்குச் செல்பவர். பிடுங்கிக் காயவைத்த உழுந்துச் செடிகளைச் சூடடிக்கும் இயந்திரத்தினுள் ஊட்டிக்கொண்டு நின்றார். ஈரலிப்பான செடிகள் வாயில் அடைத்துக்கொண்டன. இயந்திரத்தை நிறுத்தாமலே கையால் உள்ளே தள்ளினார். சட்டைக் கை பற்களிற் சிக்கியது. வலக்கை மணிக்கட்டுடன் போயிற்று. நெல்லுக்கு இன்று வன்னியெங்கும் பெரிய அறுவடை இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் உழுந்துக்கும் பயறுக்கும், பெரிய இயந்திரம் இறங்க முடியாத துண்டு வயல்களுக்கும், இன்னமும் மனிதக் கையே உணவூட்டுகிறது.

அயலவர்கள் ஒரே குரலிற் சொன்னார்கள்: "விதி, மாஸ்ரர்." இயந்திரத்தின் சொந்தக்காரர் வேறு விதமாகச் சொன்னார்: "கவனமில்லாமல் கையைக் குடுத்திட்டார்." மேலோட்டமாகப் பார்த்தால் இவ்விரண்டும் எதிரெதிரான தீர்ப்புகள். ஒன்று வானத்தைக் குற்றஞ்சாட்டுகிறது. மற்றது காயப்பட்டவனையே குற்றஞ்சாட்டுகிறது. எனினும் இரண்டும் செய்கின்ற தொழில் ஒன்றுதான். அவை விசாரணையை முடித்து வைக்கின்றன. அதன்பின் எவரும் இயந்திரத்தை நோக்கித் திரும்பவேண்டிய அவசியமில்லை.

நாம் திரும்பிப் பார்த்தோம். செடி ஊட்டும் வாய்க்கு மேலே ஒரு தகட்டு மூடி இருந்திருக்கிறது. முந்திய போகத்தில், அடைப்பை எடுப்பதற்கு இடைஞ்சலென்று அது கழற்றப்பட்டது, பின்னர் பூட்டப்படவில்லை. இயந்திரம் மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடுவது. எனவே வயற்காரர் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தார். இயந்திரக்காரருக்கு மாதந்தோறும் லீசிங் தவணை இருக்கிறது. அன்று மழை இருட்டு வேறு. ஒவ்வொரு தடவை நிறுத்தித் துவக்குவதற்கும் சில நிமிடங்கள் செல்லும். அந்நிமிடங்களுக்கு விலை உண்டு. மூன்று தடவை நிறுத்துகிற கூலியாளை நாளைக்கு எவரும் கூப்பிடமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அப்படியாயின் அவர் கவனமற்றிருந்தார் என்று எவ்வாறு கூறுவது? அவர் மிகுந்த கவனத்துடனேயே இருந்தார். அக்கவனம் நாளைய கூலியின் மேல் இருந்தது.

இஃது எமது மண்ணுக்கு மாத்திரம் உரிய கதையன்று. கார்ல் மார்க்ஸ் தமது 'மூலதன'த்தில் அயர்லாந்தின் சணல் அடிக்கும் ஆலைகளைப் பற்றிக் கூறுகிறார். கோர்க் நகருக்கு அண்மையிலிருந்த ஓர் ஆலையில் மாத்திரம் 1852ஆம் ஆண்டுக்கும் 1856ஆம் ஆண்டுக்கும் இடையில் ஆறு பேர் மாண்டனர். அறுபது பேர் அங்கவீனராயினர். சில ஷில்லிங் செலவில், மிக எளிய காப்புகளால் அவை யாவும் தடுக்கப்பட்டிருக்கக் கூடியவை. அங்கே போனது சில ஷில்லிங். இங்கே ஒரு தகடும் நான்கு ஆணிகளும்.

இந்தியாவின் பஞ்சாப், ஹரியானா வயல்களில் பசுமைப் புரட்சியுடன் சூடடிக்கும் இயந்திரங்கள் பெருகியபோது கைகளை இழந்தோரும் பெருகினர். அங்கும் முதலிற் சொல்லப்பட்டது நித்திரை, மது, கவனக்குறைவு என்பதே. ஆயினும் 1983ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் அபாயகர இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றி, செய்பவர்மீதும் விற்பவர்மீதும் கடமைகளைச் சுமத்தியது. அச்சட்டம் முழுமையாக வயலுக்கு இறங்கிற்று எனச் சொல்வதற்கில்லை. என்றாலும் கேள்வி கேட்கப்படும் திசை மாறிற்று. சுவீடன் இன்னும் தெளிவான பாடத்தைத் தருகிறது. புதிய உழவு இயந்திரங்கள் யாவும் கவிழ்ந்தாலும் ஓட்டுபவரை நசுக்காதபடி உருக்குச் சட்டகத்துடனேயே விற்கப்படவேண்டுமென அந்நாடு 1959ஆம் ஆண்டில் விதித்தது. சில தசாப்தங்களில் கவிழ்ந்து மாண்டோர் தொகை ஏறத்தாழ இல்லையென்றாகிவிட்டது. சுவீடன் விவசாயி திடீரென்று கவனமுள்ளவராக மாறிவிட்டாரா? இல்லை, அவர் முன்போலவே களைத்தார், அவசரப்பட்டார், தவறு செய்தார். தவறுக்குத் தண்டனை மரணம் என்ற நிலைதான் நீக்கப்பட்டது.

வன்னியிலிருப்போருக்கு இந்நியாயம் புதிதாக இருக்கவேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் நாம் மீளக் குடியேறிய நிலங்களிற் கண்ணிவெடிகள் கிடந்தன. சிவப்புப் பலகைகள் நடப்பட்டன. பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே படங்கள் காட்டப்பட்டன. முகமாலை போன்ற இடங்களில் மண் அங்குலம் அங்குலமாகத் துழாவப்பட்டது. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் இலங்கையும் 2017ஆம் ஆண்டு டிசம்பரில் இணைந்தது. வெடியில் ஒருவர் காலை இழந்தால், "பார்த்து நடந்திருக்கலாமே" என்று எவரும் சொல்வதில்லை. "யார் புதைத்தது? ஏன் அகற்றவில்லை?" என்றே கேட்கிறோம். பற்கள் திறந்து கிடக்கும் இயந்திரத்தையும் யாரோ ஒருவர்தான் அங்கே வைத்திருக்கிறார். வெடியில் வஞ்சகம் இருந்தது, இயந்திரத்தில் இல்லை என்று சிலர் வாதிக்கலாம். மெய்தான். ஆனால் வஞ்சகம் இல்லாத இடத்திற் பொறுப்பும் இல்லையென்று முடிவுசெய்வது எளிதான தப்பித்தல். தெரிந்திருந்தும் மூடியைப் பூட்டாமல் விடுவதற்கு வஞ்சகம் தேவையில்லை, வழக்கம் போதும்.

பழைய காலத்துக் களத்தை இங்கு நினைக்காமலிருக்க முடியவில்லை. செருப்புடன் ஏறக்கூடாது, வாய்க்கு வந்தபடி பேசக்கூடாது, பொலியென்றால் ஒரு மரியாதை உண்டு. அந்தப் பழமையை நாம் போற்றிப் பாட வரவில்லை. அக்களத்திற் குவிந்த பொலியில் உழைத்தவனுக்குச் சென்ற பங்கு எவ்வளவென்பது யாவரும் அறிந்ததே. ஆனால் ஆபத்தான தொழிலைச் சூழ்ந்து ஓர் ஒழுங்கு வேண்டுமென்பதை அம்மனிதர்கள் உணர்ந்திருந்தனர். இயந்திரம் வந்தது; பழைய ஒழுங்கு போயிற்று; புதிய ஒழுங்கை நாம் இன்னும் ஆக்கவில்லை.

விபத்தின் பின்னர் நடந்ததும் சொல்லப்படவேண்டும். இயந்திரத்தை எப்படி நிறுத்துவதென்பது அங்கு நின்ற ஒருவருக்கே தெரிந்திருந்தது. அவரோ அப்போது தேநீர் குடிக்கச் சென்றிருந்தார். காயத்தின்மேற் கோப்பித்தூள் கொட்டப்பட்டது. சுத்தமான துணியால் இறுக அழுத்திப் பிடிக்கவேண்டுமென்பது எவருக்கும் தோன்றவில்லை. உழவு இயந்திரப் பெட்டியிற் கிடத்தி, கிரவல் வீதியாற் குலுங்கக் குலுங்கப் பிரதான வீதிக்குக் கொண்டுசென்றார்கள். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கக்கூடிய இலவச அம்புலன்ஸ் சேவை 2018ஆம் ஆண்டு யூலையிலேயே வட மாகாணத்திற்கு வந்துவிட்டது. அதற்கும் காசு கட்டவேண்டுமென்று நினைத்தவர்களும், பெயரில்லாத ஒழுங்கைக்கு அது வராது என்று நினைத்தவர்களுமாக நேரம் போயிற்று. துண்டான விரல்களை ஈரத்துணியிற் சுற்றி, பொலித்தீன் பைக்குள் வைத்துக் கட்டி, அப்பையை ஐஸின்மேல் வைத்துக் கொண்டுசெல்லலாம் என்பதும் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. முல்லைத்தீவுக் கரையில் மீனைப் பழுதாகாமற் கொண்டுசெல்ல எமக்குத் தெரியும்.

அக்கிராமத்தில் மரண உதவிச் சங்கம் உண்டு. பந்தல், கதிரை, பாய் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. செய்தி வந்து ஒரு மணித்தியாலத்தில் யாவும் வீட்டு முற்றத்திற்கு வந்துவிடும். அவ்வளவு திறமையாக இயங்கும் மக்கள் அறியாமையில் மூழ்கியவர்களென்று சொல்ல எமக்கு மனமில்லை. ஒரு மனிதன் இறந்தபின் அவனுக்கென்று ஒன்றுகூட எமக்கு வழி தெரிகிறது. அவன் இரத்தம் ஒழுகக் கிடக்கும் அரைமணி நேரத்திற்கு மாத்திரம் வழியில்லை.

சட்டமும் இவ்வாறே. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலேயே பிறந்தது. ஆயினும் பெயர்ப் பதிவோ சம்பளத் துண்டோ இல்லாத நாட்கூலிக்காரர் எவருக்கெதிராக, எந்தச் சாட்சியுடன் செல்வார்? வயற்காரர் அவருக்கு ஒன்றுவிட்ட மச்சான், இயந்திரக்காரரும் கடனாளி. 1961ஆம் ஆண்டில் பயிர்க் காப்புறுதிச் சட்டம் வந்தது. கமக்காரருக்கான ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டம் 1987ஆம் ஆண்டுவரை காத்திருந்தது. அதுவும் பணங்கட்டிச் சேர்ந்தவருக்கே. பயிர் முந்திக்கொண்டது.

எம்மையும் நாம் விலக்கிவைத்துப் பேசவில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பங் குடும்பமாகப் பெட்டியில் ஏறிச் செல்கிறோம். மட்காட்டில் இரு பிள்ளைகள் இருப்பது எமக்கு அழகான காட்சி. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குப் பந்தற் சாமான்களுடன் மாணவர்களும் நாமும் அவ்வாறே வாய்க்காற் கட்டால் வந்தோம். ஓட்டியவன் பத்தாம் வகுப்பு மாணவன். "கெட்டிக்காரன்" என்று அவனைப் பாராட்டியவர்களில் நாமும் ஒருவர்.

அடுத்த போகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இவ்விடயத்தை முன்வைத்தோம். குளத்து நீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், கட்டாக்காலி மாடு எல்லாம் பேசி முடிந்தபின், 'வேறு விடயங்கள்' என்ற தலைப்பில் எமக்கு இடம் கிடைத்தது. அதற்குள் அரைவாசிப் பேர் எழுந்து போய்விட்டனர். மூடியில்லாத இயந்திரத்தை இவ்வூர் வயல்களில் இறக்குவதில்லையென்று கமக்கார அமைப்பு தீர்மானிக்க வேண்டும் என்றோம். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், அப்படியானால் வாடகை கூடுமே என்றார். கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. அத்தொகையை யார் கொடுப்பதென்று இன்றே பேசுவோம், இதுவரை ஒரே ஒருவர்தான் கொடுத்திருக்கிறார் என்றோம். தீர்மானம் நிறைவேறவில்லை, அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. கூட்டம் கலைந்தபின் அந்த இயந்திரக்காரர் மாத்திரம் நின்றார். வெல்டிங் செய்யும் இளைஞனை அழைத்து, தகடு என்ன விலையென்று கேட்டார். இளைஞன் சட்டைப் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தான். இருவரும் இயந்திரம் நின்ற கொட்டிலை நோக்கி நடந்தார்கள்.